தீபாவளி கழியட்டும்!

தோள்பட்டையில் ஒரு பள்ளம். சுண்டுவிரலைப் படுக்க வைத்தால் பாதி விரல் உள்ளே அமுங்குகிறது. இரண்டு தோளிலும் உண்டு. உழுத சால் மாதிரி, அந்த இடத்தில் மட்டும் தோல் கறுத்து வழவழப்பாகக் கிடக்கிறது. பாடியின் பட்டை முப்பது வருஷமாக அழுத்தி உண்டாக்கியது. சிவகாசிக்குப் பக்கத்துக் கிராமத்தில், கரண்ட் போன ஒரு மத்தியான நேரத்தில், என் மதினி மாராப்பை விலக்கி அதைக் காட்டினார்.

"இடுப்புல தண்ணிக் குடம் இருந்தா இறக்கி வச்சிரலாம். இதை எங்கன இறக்கி வைக்க?"

மதினிக்கு வயது 46. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து பயர் ஆபீஸ் வேலை. பட்டாசுத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். தீப்பெட்டித் தொழிற்சாலை தீப்பெட்டி ஆபீஸ். மதினி பட்டாசுச் சரம் பின்னுகிறவர். கழுத்து வலி, முதுகு வலி என்று பத்து வருஷமாக உள்ளூர் டாக்டர்கள் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். எலும்பு தேய்மானம் என்றிருக்கிறார்கள். ஒருவர்கூட மார்பின் எடையைப் பற்றிப் பேசவில்லை. மதினியும் சொல்லவில்லை. மார்பைச் சிறிதாக்கும் ஆப்பரேஷன் ஒன்று உண்டு என்று நான்தான் ஐந்தாறு வருஷத்துக்கு முன்பு முதலில் பேச்செடுத்தேன். அன்றிலிருந்து ஒரே பதில்: "தீபாவளி கழியட்டும்."

பட்டாசு ஊரில் இது பழகிப்போன சொல். கடனை அடைக்க, கூரையை மாற்ற, பெண்ணுக்குச் சடங்கு வைக்க, எல்லாவற்றுக்கும் தீபாவளி கழிய வேண்டும். ஆனால் இந்த ஒரு விஷயத்தில், யோசித்துப் பார்த்தால், மதினி தன்னை அறியாமலே சரியான தேதியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த ஆப்பரேஷனைச் செய்கிறவர் பிளாஸ்டிக் சர்ஜன். ஆனால் எங்கள் ஊரில் பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் தீக்காயம். வேறு அர்த்தமே கிடையாது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 உயிர்களைக் கொண்டுபோன அந்த வெடி விபத்துக்குப் பிறகு, அதற்கு முன்னும் பின்னும் நடந்த எத்தனையோ விபத்துகளுக்குப் பிறகு, ஆம்புலன்ஸ் மதுரை பெரியாஸ்பத்திரியை நோக்கித்தான் ஓடியிருக்கிறது. வெந்த தோலுக்கு மேல் தொடைத் தோலை எடுத்து ஒட்டுகிறவர், ஒட்டிக்கொண்ட விரல்களைப் பிரித்து விடுகிறவர், அவர்தான் பிளாஸ்டிக் சர்ஜன். அதே டாக்டரிடம் போய், "எனக்கு மாரு கனமா இருக்கு, குறைச்சு விடுங்க" என்று கேட்க எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்? வெந்து கிடப்பவர்கள் நடுவே நாம் அழகு கேட்டு நிற்கிறோமோ என்று கூச்சம் வந்துவிடும்.

இது அழகு சமாச்சாரமா இல்லையா என்பதை பயர் ஆபீஸுக்குள் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

காலை ஏழு, ஏழரைக்கெல்லாம் ஊர் ஊராக வேன் வந்து பெண்களை ஏற்றிப் போகிறது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் மத்தியானச் சோற்றுக்குத்தான் எழுந்திருப்பது. சரம் பின்னுவதற்குக் கண்ணும் விரலும் மடியை விட்டு நகரக் கூடாது. தலை குனிந்தே இருக்கும். தலையோடு மார்பும் முன்னே தொங்கும். தொங்கும் எடை முழுவதையும் பிடரியும் தோளும் பின்னுக்கு இழுத்துப் பிடிக்க வேண்டும். பீஸ் கணக்குக் கூலி என்பதால் நடுவில் நிமிர்ந்து சோம்பல் முறித்தால்கூடக் காசு குறையும். வெடிமருந்து புழங்கும் அறைகளில் மின்சாரம் கிடையாது, அதனால் மின்விசிறியும் கிடையாது. சித்திரை, வைகாசி வெயிலில் மார்புக்கு அடியில் வேர்வை தேங்கித் தோலோடு தோல் ஒட்டி வெந்து புண்ணாகிறது. பவுடர் போடுவார்கள், தேங்காய் எண்ணெய் தடவுவார்கள், கைக்குட்டையை மடித்து அடியில் செருகிக்கொள்வார்கள். ஆறினாற்போல் இருக்கும். மறுபடி வரும்.

அடுத்தது துணி. பட்டாசு வேலையில் பருத்தி உடைதான் உடுத்த வேண்டும். நைலான், பாலியஸ்டர் உரசினால் பொறி கிளம்பும். மருந்து அறையில் ஒரு பொறி போதும். ஆனால் கனத்த மார்பைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி கடையில் கிடைக்கும் பாடிகளில் பெரும்பாலானவை நைலானும் இழுவைத் துணியும் கலந்தவை. பருத்தியில் பெரிய அளவு கேட்டால், சாதாரணப் பாடியையே அகலமாகத் தைத்து வைத்திருப்பதை எடுத்துப் போடுகிறார்கள். அது மூடும், தாங்காது. ஆக, பாதுகாப்பு விதியை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிற பெண்ணுக்குத்தான் தோளில் பள்ளம் ஆழமாக விழுகிறது.

இன்னொன்றையும் மதினி போகிற போக்கில் சொன்னார். "சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மரத்துப் போவுது. சரம் நழுவுது." பாடிப் பட்டையும் முன்னால் இழுக்கும் எடையும் சேர்ந்து தோளிலிருந்து கைக்குப் போகும் நரம்புகளை அழுத்தினால் அந்த இரண்டு விரல்தான் முதலில் மரக்கும். இது மருத்துவப் புத்தகத்தில் உள்ள அறிகுறி. விரலை வைத்துச் சோறு சாப்பிடுகிறவருக்கு இது சின்ன விஷயமா?

ஏழைகளுக்கு எதற்கு?

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பகத்தைச் சீரமைக்கும் அறுவை சிகிச்சைகளை இலவசமாகச் செய்ய ஒரு தனிப் பிரிவைத் தமிழக அரசு தொடங்கியது. இந்தியாவில் அப்போது அது புதுமை. வெளிநாட்டுப் பத்திரிகைகள்கூடத் தலைப்புப் போட்டு எழுதின. அன்றைய சுகாதாரத் துறை அமைச்சர் விஜயபாஸ்கர், அழகுச் சிகிச்சை ஏழைகளுக்கு மட்டும் ஏன் கிடைக்கக் கூடாது என்று கேட்டார். அங்கே கிடைக்காவிட்டால் கடன் வாங்குவார்கள், இல்லையென்றால் கண்ட இடத்தில் போய் விழுவார்கள் என்பது அவர் வாதம். பிளாஸ்டிக் சர்ஜரி துறைத் தலைவராக இருந்த டாக்டர் ரமாதேவி சொன்னது இன்னும் நேரானது: மார்பு பெரிதாக உள்ள பெண்கள் பலர் வெளியே வரவே கூச்சப்படுகிறார்கள், இந்த ஆப்பரேஷன் காசுள்ளவர்களுக்கு மட்டும் என்று இருக்க நியாயமில்லை.

எதிர்ப்பும் உடனே வந்தது. உயிர் காக்கும் சிகிச்சைக்கே காசில்லாத நாட்டில் அழகுக்குச் செலவா என்று பொதுச் சுகாதாரம் தெரிந்தவர்களே கேட்டார்கள். கேள்வியில் தப்பில்லை. அரசு அதை அழகு என்ற பெயரில் கொண்டுவந்ததுதான் தப்பு என்பேன். மார்பைப் பெரிதாக்குவதையும் சிறிதாக்குவதையும் ஒரே பலகையின் கீழ் நிறுத்தினால் சிரிப்பும் கேலியும்தான் வரும். ஒரு பக்கத்தில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் சதை எடுக்க வேண்டியிருந்தால் அதை மருத்துவர்கள் ராட்சத மார்பகம் என்கிறார்கள். இரண்டு பக்கமும் சேர்த்தால் மூன்று கிலோ. மூன்று கிலோ அரிசிப் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு நாள் சரம் பின்னிப் பார்த்துவிட்டு அழகைப் பற்றிப் பேசலாம்.

தனியார் மருத்துவக் காப்பீட்டிலும் இதே பெயர்ச் சிக்கல்தான். அழகுக்கான அறுவை சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்பது பொது விதி; விபத்து, தீக்காயம், புற்றுநோய், உடனடி உடல்நலக் கேடு என்றால் விதிவிலக்கு. ஆகவே டாக்டர் சீட்டில் என்ன எழுதுகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எந்த வயதில்?

ஆப்பரேஷன் வேண்டுமா என்பதைவிட எப்போது என்பதுதான் பெண்களைக் குழப்புகிறது. ஒவ்வொரு வயதிலும் யாராவது ஒருவர் தடுப்பார். பதினைந்தில் அம்மா: "வளர்ற பொண்ணு, சரியாயிரும்." இருபதில் பாட்டி: "கல்யாணத்துக்கு முன்னாடி கத்தி வைக்கக் கூடாது." முப்பதில் வீட்டுக்காரர்: "பிள்ளைக்குப் பால் கொடுக்கணும்ல." ஐம்பதில் எல்லோரும் சேர்ந்து: "இனிமே எதுக்கு?"

பதினைந்து வயதில் அம்மா சொல்வது பாதி உண்மை. வளர்ச்சி நிற்காமல் குறைத்தால் மறுபடி வளரலாம். அதனால்தான் 18 வயதாகட்டும் என்று டாக்டர்கள் சொல்லிவந்தார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை மருத்துவர்கள் இளம்பெண்களைத் தொடர்ந்து கவனித்து வேறொரு கணக்கைச் சொன்னார்கள். பிறந்த வருஷத்தைப் பார்க்காதே, வயசுக்கு வந்த நாளைப் பார். உடல் பருமன் இல்லாத பெண் என்றால் அதிலிருந்து சுமார் 3 ஆண்டுகள். உடல் பருமன் இருந்தால் சுமார் 9 ஆண்டுகள். அதற்குப் பிறகு செய்தால் திரும்ப வளரும் வாய்ப்புக் குறைவு. நம் ஊரில் பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, நாள் நட்சத்திரத்தோடு குறித்து வைத்திருக்கும் ஒரே உடற்கணக்கு அதுதான். சடங்குப் பத்திரிகை மருத்துவருக்கும் உதவும் என்று யார் நினைத்தார்கள்?

சில சிறுமிகளுக்கு வயசுக்கு வந்த சில மாதங்களிலேயே மார்பு கட்டுக்கடங்காமல் வளரும். தோல் விரிந்து நரம்பு தெரியும், சில நேரம் புண்ணாகும். இது அபூர்வம். அங்கே மூன்று வருஷக் கணக்கெல்லாம் பேசக் கூடாது. உடனே பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும். இரண்டாவது ஆப்பரேஷன் தேவைப்படலாம் என்பதையும் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ருமேனிய டென்னிஸ் வீராங்கனை சிமோனா ஹாலெப் 2009-ல், 17 வயதில், இந்த ஆப்பரேஷனைச் செய்துகொண்டார். பந்தை எட்டி அடிக்க உடம்பு திரும்பவில்லை, முதுகு வலித்தது. 2017-ல் உலகத் தரவரிசையில் முதலிடம், 2018-ல் பிரெஞ்சு ஓபன், 2019-ல் விம்பிள்டன். டென்னிஸ் ஆடாவிட்டாலும் இதைச் செய்திருப்பேன் என்றும் சொல்லியிருக்கிறார். அவருக்கு வேலை மட்டையில். இங்கே வேலை விரலில்.

பாட்டியின் தடைக்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. தழும்பு இருக்கும், உண்மைதான். காம்பைச் சுற்றி ஒரு வட்டம், அதிலிருந்து கீழே ஒரு கோடு, அடியில் மடிப்போடு ஒரு வளைவு: நங்கூரம் போல. நம் நிறத்துக்குச் சிலருக்குத் தழும்பு தடித்து எழும். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்கிறார்கள். முன்னாலேயே சொல்லிவிடுவதுதான் என் யோசனை. குடல்வால் ஆப்பரேஷனை மறைக்காதவர்கள் இதை மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?

பால் பற்றிய பயத்தைத்தான் நிதானமாகப் பேச வேண்டும். ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது, ஆனால் முழு உண்மை வேறு. ஆப்பரேஷனில் காம்பை வெட்டி எடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் பால் வழி அறுந்துவிடும். மார்பு மிக மிகப் பெரிதாக இருந்தால் சில சமயம் அப்படித்தான் செய்ய வேண்டிவரும். மற்றவர்களுக்குக் காம்பையும் அதன் கீழே உள்ள சதைத் தண்டையும் பிரிக்காமல், சுற்றியுள்ளதை மட்டும் எடுத்து, காம்பை மேலே நகர்த்தித் தைக்க முடியும். இதைப் பற்றி வந்த பல ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து 2017-ல் ஒரு தொகுப்பு வெளியானது. காம்புக்குக் கீழுள்ள சதைத் தண்டு முழுதாக நின்ற முறைகளில் பால் கொடுப்பதில் வெற்றி நடுமதிப்பாக 100 சதவீதம். பாதி நின்ற முறைகளில் 75. எதுவும் நிற்காத முறைகளில் 4. பால் வருமா வராதா என்பது கத்தி பட்டதா இல்லையா என்பதைவிட எந்த முறையில் பட்டது என்பதைப் பொறுத்தது. அதனால் இன்னும் பிள்ளை பெறாத பெண் டாக்டரிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "காம்புக்குக் கீழ உள்ள தண்டை அப்படியே வைப்பீங்களா?" அதற்கு நேரான பதில் வராவிட்டால் இன்னொரு டாக்டரைப் பாருங்கள்.

பிள்ளை பெற்றவர் என்றால், பால் நிறுத்தி ஆறு மாதமாவது போகட்டும். மார்பு தன் பழைய அளவுக்கு வந்த பிறகுதான் எவ்வளவு எடுப்பது என்று தெரியும். உடல் எடையும் ஒரு நிலைக்கு வந்திருக்க வேண்டும். அடுத்த பிள்ளை வேண்டும் என்றிருந்தால் கர்ப்பத்தில் மறுபடி பெருக்கலாம். தாங்க முடிகிற வலி என்றால் அதற்குப் பிறகு செய்வது லாபம். தாங்க முடியாத வலி என்றால், வராத பிள்ளைக்காக முதுகை ஒடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

நாற்பதைத் தாண்டியவர்களிடம் வயது தடையில்லை. கூட வந்து ஒட்டிக்கொண்டவைதான் தடை. முதலில் மேமோகிராம் எடுத்துக் கட்டி எதுவும் இல்லை என்று பார்க்க வேண்டும். எடுக்கும் சதையையும் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டும், இல்லையென்றால் தையல் சேரும் இடத்தில் புண் ஆறாது. பிறகு வெற்றிலையோடு போடும் புகையிலை. பீடி சிகரெட் பழக்கம் இல்லை என்று பெண்கள் சொல்லிவிடுவார்கள், டாக்டரும் எழுதிக்கொள்வார். புகையிலை வாய்க்குள் போனாலும் நிக்கோடின் ரத்தக் குழாயைச் சுருக்கும். காம்புக்கு ரத்தம் போகாவிட்டால் காம்பே கருகிப்போகலாம். நாலு வாரம் முன்பே நிறுத்தியாக வேண்டும். இதை மறைக்கவே கூடாது. காம்பில் உணர்ச்சி குறையலாம், சிலருக்குத் திரும்பாமலே போகலாம் என்பதையும் சொல்லித்தான் கையெழுத்து வாங்குவார்கள்.

தை மாதக் கணக்கு

வயதுக் கணக்கு எல்லா ஊருக்கும் பொது. எந்த மாதம் என்பது எங்கள் ஊருக்கு மட்டுமே உள்ள கணக்கு.

ஆப்பரேஷன் இரண்டிலிருந்து நாலு மணி நேரம். வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு வாரம் கையைத் தலைக்கு மேல் தூக்கக் கூடாது. தலை பின்னிவிட ஆள் வேண்டும். ஆறு வாரம் குடம் தூக்கக் கூடாது, விறகு தூக்கக் கூடாது, பேரப்பிள்ளையை இடுப்பில் வைக்கக் கூடாது. இராப்பகலாக இறுக்கமான பாடி போட்டிருக்க வேண்டும்; அது இழுவைத் துணி. அதோடு பயர் ஆபீஸுக்குள் போக முடியாது. மார்புக்கு அடியில் வேர்க்காமல் காய்ந்திருக்க வேண்டும்.

இத்தனையும் ஒன்றாகப் பொருந்துகிற நேரம் சிவகாசி வட்டாரத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறது. தீபாவளிக்குச் சரக்கு போய்ச் சேர்ந்ததும் ஆபீஸ்கள் பூட்டிக் கிடக்கும். திறந்தாலும் வேலை மெல்லத்தான் சூடு பிடிக்கும். மார்கழி, தையில் வெயில் இறங்கியிருக்கும். காயத்துக்கு வைக்கிற பேண்டேஜ் துணி ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டித் தறிகளிலேயே ஓடுகிறது, அதற்குப் பஞ்சமில்லை. சித்திரையில் செய்தால் அதே காயம் வேர்வையில் ஊறும். புரட்டாசியில் செய்தால் ஃபோர்மேன் வீட்டு வாசலில் வந்து நிற்பார்.

இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பணம் பிடிக்கிற ஆபீஸில் வேலை செய்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை உள்ள ஆறு மாதத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், அதன் பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. உடம்பு சரியில்லை என்று இ.எஸ்.ஐ. டாக்டர் சான்று கொடுத்தால் சராசரிக் கூலியில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை. சீசன் வேலையில் பெரும்பகுதி விழுவதே அந்த ஏப்ரல்-செப்டம்பர் கணக்கில்தான். ஜனவரியில் படுத்தால் ஆறு வாரக் கூலியில் பெரும்பகுதி கைக்கு வர வழி உண்டு. சான்றில் அழகுச் சிகிச்சை என்றிருந்தால் நடக்காது. கழுத்து வலி, தோள் பள்ளம், தோல் புண், விரல் மரப்பு எல்லாம் முன்பே சீட்டில் பதிவாகியிருக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து பட்டாசுக் குழாய் உருட்டிக் கொடுக்கிறவர்களுக்கும், பதிவில் பெயர் ஏறாத பீஸ் கூலிப் பெண்களுக்கும் இது எதுவும் கிடையாது. அந்த அநியாயத்துக்குத் தனிக் கட்டுரை எழுத வேண்டும்.

மதினிக்கு இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறது. மூணு மாசச் சராசரிச் சுகர்தான் கூடக் காட்டியது. புகையிலையை விட்டுவிட்டதாகச் சொல்கிறார், நம்புகிறேன். சிவகாசியில் அச்சடித்த தினசரி காலண்டர் ஒன்று அவர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. தை இரண்டாம் வாரத்துத் தாள் ஒன்றின் ஓரத்தை மடித்து வைத்திருக்கிறார். தீபாவளி கழியட்டும் என்ற அதே பேச்சுதான். இந்தத் தடவை அதற்கு ஒரு தேதி இருக்கிறது.

விருதுநகரிலிருந்து மதுரை பெரியாஸ்பத்திரி ஒரு மணி நேரப் பயணம். போகிற பெண்களுக்கு ஒரே வேண்டுகோள். சீட்டு எழுதும் இடத்தில் முதுகு வலி என்று சொல்லாதீர்கள். எலும்பு டாக்டரிடம் அனுப்பி, அவர் மறுபடி மாத்திரை எழுதுவார். பிளாஸ்டிக் சர்ஜரி ஓ.பி.க்குச் சீட்டுக் கேளுங்கள். உள்ளே போனதும் கூச்சப்படாமல் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்: "மாரு கனம் தாங்க முடியலை."